கைரவானில் இருபத்திரண்டு தலைகள்

தலைக்கணக்கு

இருபத்தொன்று வரை எண்ணிவிட்டேன். இருபத்திரண்டாவது தலையைக் காணவில்லை. டியூனிஸ் விமான நிலையத்தின் வெளிவாசலில் எங்கள் பஸ் இயந்திரத்தை நிறுத்தாமல் நின்றது. சிவப்புக் குடையை இன்னும் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினேன். கூட்டத்தை ஊர்பார்க்க அழைத்துப்போகிற தொழிலில் முதல் பாடம் இது: முகத்தைப் பார்க்கக்கூடாது, தலையைத்தான் பார்க்கவேண்டும். முகத்தைப் பார்த்தால் அது ஏதாவது கேட்கும். பதில் சொல்வதற்குள் எண்ணிக்கை விட்டுப்போகும். கலியாண வீட்டுக்கு வான் பிடித்துச் சொந்தக்காரரை ஏற்றி இறக்கியவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்னில் ஒரு சிறிய பயண முகவர் நிலையத்தில் எனக்கு வேலை. நகரின் மேற்குப் பக்கத்தில் மால்டாக்காரர் நிறையப் பேர் குடியேறியிருந்தார்கள். அவர்களை வருடத்தில் இரண்டு மூன்று தடவை கூட்டமாக ஊருக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வருவேன். அந்த வருடம் முதலாளி புதிதாக ஒன்றைச் சேர்த்தார். மால்டாவில் நிற்கிற மூன்று வாரத்துக்குள், விரும்பியவர்களுக்கு மூன்று நாள் டியூனிசியா. கடலைத் தாண்டினால் ஒரு மணித்தியாலம். அதில் ஒரு இரவும் ஒரு காலையும் கைரவான். ‘வட ஆபிரிக்காவில் முஸ்லிம்கள் எழுப்பிய முதல் பெரிய நகரம்’ என்று விளம்பரத் தாளில் எழுதியவன் நான்தான். பார்த்ததில்லை.

இருபத்திரண்டாவது தலை கார்மெனுடையது. அறுபத்திரண்டு வயது, கணவர் இல்லை, மெல்பேர்னின் சன்ஷைன் பகுதியில் மகளோடு இருந்தவர். பஸ்ஸிலிருந்து பத்தடி தள்ளி, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே வீதியைப் பார்த்தபடி நின்றார். நாங்கள் எல்லோரும், சிவப்புக் குடை உட்பட, அவருடைய வலப்பக்கத்தில் நின்றோம். எல்லோரும் தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்து, அதை ஏற்றுக்கொண்டும் விட்டவரைப்போல நின்றார். நான் போய் எதிரில் நின்ற பிறகுதான் கண்டார். இவர்கள் பேசியது மால்டாக்காரரின் ஆங்கிலம். அதை எனக்கு வருகிற தமிழில்தான் எழுதுகிறேன். வேறு தமிழில் எழுதினால் அவர்களை எனக்கே அடையாளம் தெரியாது.

“எனக்கு நேர் முன்னாலை நில்லுங்கோ சிவா. பக்கத்திலை நிண்டா நான் உங்களைத் துலைச்சுப்போடுவன்.”

பதினான்காவது கேள்வி

ஏன் அப்படி நின்றார் என்பது குழுவில் எனக்கு மட்டும் தெரியும். இரண்டு மாதங்களுக்கு முன்பு, மகளுக்குச் சொல்லாமல், தனியாக எங்கள் அலுவலகத்தின் படியேறி வந்திருந்தார். படிவத்தை நான் கேட்டுக் கேட்டு நிரப்பினேன். பதினான்காவது கேள்வி, பயணத்தைப் பாதிக்கக்கூடிய நோய் ஏதும் உண்டா என்பது. இல்லை என்று எழுதச் சொன்னார். எழுதப்போன என் பேனாவைப் பிடித்து நிறுத்தி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு எழுதுங்கோ என்றார்.

இருபது வருடம் பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. ஓடுகிற பட்டியில் உடைந்த பிஸ்கட்டைப் பொறுக்கி எடுக்கவேண்டும். கடைசி வருடத்தில் உடைந்தவை அவரைத் தாண்டிப் போகத் தொடங்கின. நடுவில் வந்தவற்றை அவர் விடவில்லை. இரண்டு ஓரங்களிலும் வந்தவைதான் போயின. கண்ணுக்குள் அழுத்தம் என்று டாக்டர் சொன்னார். இப்போது குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் தெரிகிறது. குழாய் ஒடுங்கிக்கொண்டு வருகிறது. ஒரு நாளைக்கு நாலு தடவை சொட்டு மருந்து. மகள் டோரிஸுக்குத் தாயின் கண் கொஞ்சம் மங்கல் என்ற அளவில்தான் தெரியும். அடுத்த வருடம் பிள்ளைகளின் விடுமுறைக்கு எல்லோருமாகப் போகலாம் என்று சொல்லியிருக்கிறார். “அடுத்த வருசம் டோரிஸ் வருவா, பிள்ளையள் வருங்கள். என்ரை கண் வராது” என்றார் கார்மென்.

மால்டாவைப் பார்க்க அவருக்கு அவசரம் இல்லை. கைரவானைத்தான் பார்க்கவேண்டும். அவருடைய தகப்பன் டியூனிசியாவில், சூஸ் என்ற துறைமுகத்தில், குதிரைவண்டி ஓட்டியவர். அந்தக் காலத்தில் மால்டாக்காரர் பலர் அங்கே வண்டி ஓட்டினார்கள். ஒருமுறை சவாரிக்காரரோடு கைரவானுக்குப் போய், பெரிய பள்ளிவாசலின் கதவடியில் நின்று உள்ளே இருந்த தூண்களை எண்ணத் தொடங்கியிருக்கிறார். அந்தத் தூண்களை எண்ணி முடித்தவனுக்குக் கண் போய்விடும் என்பது ஊர் நம்பிக்கை. நாற்பத்திரண்டாவது தூணில் கண் எரிந்ததாம். நிறுத்திவிட்டார். கண் இல்லாத வண்டிக்காரனை யார் கூப்பிடுவார்கள்? சாகும்வரை மகளிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்: நாற்பத்திரண்டு வரை எண்ணினேன், அதற்கு அங்காலும் நின்றன. கார்மெனுக்கு மிச்சத்தை எண்ணவேண்டும்.

நான் ‘இல்லை’ என்று எழுதினேன். எதற்காக எழுதினேன் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்த என் மனைவி பத்மாவிடம் அன்று பின்னேரம் சொன்னேன். அவள் கறியைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

“வாற நோயாளியைப் பற்றி நான் இப்பிடி ஒரு பொய் எழுதினா அடுத்த நாள் எனக்கு வேலை இராது. நீங்கள் எழுதிப்போட்டு வந்து கதிரையை இழுத்துப் போட்டுச் சோறு கேக்கிறியள்.”

கம்பளக் கடையில் இரகசியம்

கைரவானுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது ஒரு பிற்பகல். மதில் சூழ்ந்த பழைய நகரம். வெள்ளைச் சுவர்கள், நீலக் கதவுகள், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒதுங்கவேண்டிய தெருக்கள். வழிகாட்டி ஹெடி அந்த ஊரிலேயே பிறந்தவர். முதலில் ஒரு கம்பளக் கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரரும் தம்பியும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துக்கொண்டே போனார்கள். சாயம் போடாத ஆட்டுமயிரின் சொந்த நிறங்கள்: வெள்ளை, சாம்பல், கபிலம், கறுப்பு. விரிக்க விரிக்கக் கடைக்குள் சத்தம் குறைந்து வந்தது. வாய் ஓயாத மெல்பேர்ன்காரர் இருபத்திரண்டு பேர் ஒரு தரையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றதை அன்றைக்குத்தான் கண்டேன்.

ஜோ என்பவர்தான் முதலில் வாயைத் திறந்தார். ரயில் பட்டறையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். குழுவில் உரத்த குரல் அவருடையது. மனைவி ரீட்டாவிடம் மால்டா மொழியில், பிடித்திருக்கிறது என்று காட்டாதே, முகத்தைச் சுளித்துக்கொண்டு நில் என்றார். அதே நேரம் கடைக்காரர் தம்பியிடம் அரபியில், கிழவனுக்குக் கம்பளத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, மனுஷிக்குத்தான் தெரியும், தேநீரை அவளிடம் கொடு என்றார். இரண்டு பேரும் சொல்லி முடித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர் சொன்னது இவருக்கும் இவர் சொன்னது அவருக்கும் விளங்கிவிட்டது; எனக்குத்தான் ஹெடி சொல்லவேண்டியிருந்தது. ஆயிரம் வருடங்களுக்கு முன் மால்டாவைப் பிடித்தவர்கள் இந்த ஊரிலிருந்து ஆண்டவர்கள்தான் என்றார் ஹெடி. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் ஆண்டார்கள். தீவு கத்தோலிக்கத் தீவாகிவிட்டது. பேச்சு மட்டும் போகவில்லை. மாதா கோயிலில் முழந்தாளிட்டு ‘அல்லா’ என்று கடவுளைக் கூப்பிடுகிறவர்கள் இவர்கள். ஜோவுக்குச் சரித்திரம் முக்கியமாகப் படவில்லை. தன்னைக் கிழவன் என்று சொல்லிவிட்டான் என்று ரீட்டாவிடம் முறையிட்டார்.

“உங்களுக்கு ஒண்டும் தெரியாதெண்டு முப்பத்தெட்டு வருசமா நான் சொல்லுறன், விளங்கேல்லை. இந்த மனிசன் ஒருக்கா சொன்ன உடனை விளங்கியிட்டுது.”

பேரீச்சம்பழ இனிப்பு

தெரு முனையில் ஒருவன் ரவைமாவுக்குள் பேரீச்சம்பழம் வைத்துப் பொரித்துப் பாகில் போட்டுக்கொண்டிருந்தான். ஜோ ஒன்றைக் கடித்துவிட்டு நடுத்தெருவில் நின்றார். இது தங்கள் ஊர்ப் பலகாரம், தன்னுடைய தாய் செய்வது, இவர்கள் களவெடுத்திருக்கிறார்கள் என்றார். ஹெடி பாகு ஒட்டிய விரல்களைக் கைக்குட்டையில் நிதானமாகத் துடைத்தார்.

“நீங்கள் கொண்டுபோய் ஆயிரம் வருசமாச்சு. பரவாயில்லை, வைச்சிருங்கோ. நாங்கள் திருப்பிக் கேக்கமாட்டம்.”

மாடியில் ஒட்டகம்

அந்த ஊரில் ஒரு கிணறு மாடியில் இருக்கிறது. எழுதும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஒடுங்கிய படிகளில் ஏறிப்போனால் குவிமாடத்துக்குக் கீழே ஒரு சிறிய அறை. அறை முழுவதையும் நிறைத்துக்கொண்டு ஓர் ஒட்டகம், கண் கட்டப்பட்டு, மரச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. சக்கரத்தில் கட்டிய மண்குடங்களில் தண்ணீர் மேலே வருகிறது. நூற்றாண்டுகளாக ஒட்டகங்கள்தான் மாறியிருக்கின்றன, வேலை மாறவில்லை என்றார் ஹெடி. இந்தக் கிணற்றின் ஊற்று மக்காவின் ஊற்றோடு நிலத்துக்குக் கீழே தொடர்புள்ளது என்பது ஊர்ச் சனத்தின் நம்பிக்கை. சக்கரத்தின் முனகலைத் தவிர அங்கே சத்தம் இல்லை. தொப்பிகளைக் கழற்றுங்கள் என்று யாரும் சொல்லவில்லை, கழற்றினார்கள்.

படி ஏறும்போது நான் கார்மெனுக்கு ஒரு படி முன்னால், பின்பக்கமாக ஏறினேன். ‘படி, படி, இது கொஞ்சம் உயரம்’ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். மற்றவர்கள் அதை என் தொழில் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள். மேலே ஒருவர் எல்லோருக்கும் மண்கோப்பையில் தண்ணீர் கொடுத்தார். இதைக் குடித்தவர் என்றைக்காவது கைரவானுக்குத் திரும்பி வருவார் என்று ஹெடி சொன்னார். எல்லோரும் குடித்தார்கள். கார்மென் கோப்பையை வாங்கி, முகத்துக்கு நேரே பிடித்துத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டி மெல்லிய குரலில் சொன்னார்.

“நான் திரும்பி வந்து எதைப் பாக்கிறது? ஜோவிட்டைக் குடுங்கோ. அவன் இண்டைக்கு வந்தும் ஒண்டும் பாக்கேல்லை.”

வலம்

அடுத்த நாள் காலை பெரிய பள்ளிவாசல். வெளியே கோட்டைபோல உயர்ந்த, அலங்காரம் இல்லாத மதில். வாசலைத் தாண்டினால் வானம் முழுவதும் கீழே இறங்கி வந்து கிடப்பதுபோல ஒரு முற்றம். தேய்ந்த வெண்சலவைக்கல் தளம், நாலு பக்கமும் தூண் வரிசை, ஒரு முனையில் மூன்று அடுக்காக எழும் கனத்த கோபுரம். தளம் நடுவை நோக்கி மெல்லச் சரிகிறது. மழைத் தண்ணீர் முழுவதும் அந்த நடுக்குழிக்கு வந்து, வடிந்து, கீழே நிலவறையில் சேருகிறது. வெயில் மாதங்களில் அதை எடுத்துக் குடித்திருக்கிறார்கள். கிணற்று வாய்களின் சலவைக்கல் விளிம்பில் கயிறு அறுத்த பள்ளங்கள், என் விரல் முழுதாகப் புதையும் ஆழம். ஒருவர் கையில் அப்படி அறுபடாது. எத்தனை தலைமுறைக் கைகள் என்று நினைத்தபோது எண்ணுகிறவனான எனக்குக் கொஞ்சம் தலை சுற்றியது.

அந்த நேரத்தில்தான் நான் ஒரு பிழை விட்டேன். வெளிவாசலிலேயே சப்பாத்தைக் கழற்றியிருந்தேன். யாரும் சொல்லவில்லை, கை தானாகக் கழற்றியது. குடை கையில் இருக்க, அண்ணாந்து பார்த்துக்கொண்டு, முற்றத்தை இடமிருந்து வலமாகச் சுற்றத் தொடங்கினேன். சின்ன வயதில் கோயில் வீதியில் பழகிய கால்கள். ஒரு சுற்று முடிந்து திரும்பியபோது எனக்குப் பின்னால் இருபத்திரண்டு பேரும், சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, காலைக் குளிரில் கல்லின்மேல் வெறுங்காலோடும் காலுறையோடும், வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். குடைக்குப் பின்னால் போகவேண்டும் என்று முதல் நாளே சொல்லிப் பழக்கியவன் நான். ஹெடி வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார். முற்றத்தில் சப்பாத்துப் போடலாம், தொழுகைக் கூடத்துக்குத்தான் கழற்றவேண்டும், இப்படிச் சுற்றுவது எந்த நாட்டு வழக்கம் என்று கேட்டார். நான் வெட்கத்தோடு குடையைத் தாழ்த்தினேன். ஜோ முன்னால் வந்து எனக்காகப் பதில் சொன்னார்.

“இது மெல்பேர்ன் வழக்கம். இண்டைக்குத்தான் நாங்களும் அறியிறம்.”

பதினேழு கதவுகள்

தொழுகைக் கூடத்துக்குள் நாங்கள் போக முடியாது. கதவடியில் நின்று பார்க்கலாம். செதுக்கு வேலை செய்த பதினேழு மரக் கதவுகள். அன்று நாலைந்துதான் திறந்திருந்தன. ஹெடி எங்களை நடுக்கதவடியில் நிறுத்தினார். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோயில்களின் தூண் மண்டபங்கள் எனக்குத் தெரியும். அங்கே ஒரே மலையின் கல், ஒரே கூட்டத்துச் சிற்பிகள். இங்கே ஒவ்வொரு தூணும் வேறொரு இடத்திலிருந்து வந்தது. ரோமர் விட்டுப்போன நகரங்களிலிருந்து, இடிந்த பழைய கட்டடங்களிலிருந்து, வண்டியில் கொண்டுவந்தவை. ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை ஓடிய சாம்பல். ஒன்றின் தலைபோல இன்னொன்றின் தலை இல்லை. உயரம் குறைந்தவற்றுக்கு அடியில் கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். எல்லாம் சேர்ந்து ஒரு கூரையைத் தாங்கிக்கொண்டு நின்றன. காலையில் மெல்பேர்ன் ஸ்பென்சர் வீதி ரயில் நிலையத்தில் நிற்கிற சனம் எனக்கு ஞாபகம் வந்தது: வெவ்வேறு நாட்டு முகங்கள், ஒரே ரயிலுக்கு. தூரத்தில் தெரிந்த மரப்பிரசங்க மேடையைக் காட்டி, அந்தத் தேக்கு இந்தியப் பக்கத்திலிருந்து கடல் கடந்து வந்தது, சிவாவின் பக்கத்து மரம் என்றார் ஹெடி. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், நான்தான் அனுப்பிவைத்தவன்போல. பிறகு ஒரு எச்சரிக்கை: தூண்களை மட்டும் எண்ணவேண்டாம், எண்ணி முடித்தவருக்குக் கண் போகும் என்பார்கள். எல்லோரும் சிரித்தார்கள். கோபுரத்தைப் படம் எடுக்கப் போய்விட்டார்கள்.

கார்மென் போகவில்லை. சுவரோடு கையை வைத்துத் தடவிக்கொண்டு கடைசி ஓரத்துக்குப் போய், அங்கே திறந்திருந்த முதற்கதவடியில் நின்றார். கதவுக்கு நேரே தூண்கள் ஒரு வரிசையாக உள்ளே போயின. அவருடைய குழாய்ப் பார்வைக்கு ஒரு வரிசை போதும். ‘வீஹெத், த்னேய்ன், த்லீத்தா, எர்பா’ என்று எண்ணத் தொடங்கினார். ஆங்கிலத்தில் எண்ணியிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. ஆனால் மால்டாக்காரர் எண்ணுவது ஏறக்குறைய அரபிக்காரர் எண்ணுவதுதான். இரண்டாவது கதவடிக்குப் போகுமுன் வெள்ளை அங்கி போட்ட வயதான காவலர் ஒருவர் முற்றத்தின் மறுபக்கத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். கோபம் இல்லை, பயம். தன் கண்ணைத் தொட்டுக் காட்டி, வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் மன்னிப்புக் கேட்டு கார்மெனைக் கூட்டிக்கொண்டு போகத்தான் நினைத்தேன். விஷயம் குழுவுக்குத் தெரிந்தால் மகளுக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியும்.

கார்மென் அவருக்குத் தன் மொழியிலேயே, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். பக்கத்தில் வந்த ஹெடி எனக்குச் சொன்னார்: கண் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது, அதற்குக் காரணம் தூண் இல்லை, என் தகப்பன் பாதியில் விட்டதை முடிக்க வந்தேன் என்கிறார். காவலர் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். மூடியிருந்த அடுத்த கதவைத் தோளால் தள்ளித் திறந்தார். கார்மென் எண்ணி முடியுமட்டும் முற்றத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார். பிறகு அதற்கடுத்த கதவு. கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒரு வரிசை இருட்டிலிருந்து எழுந்து வந்தது. தூண்களின் காலடியில் சுற்றிய பாய்கள் தெரிந்தன, மேலே விளக்குகள் தெரிந்தன. நாற்பத்திரண்டு வந்தபோது கார்மென் நிறுத்தி, கதவுநிலையை இரண்டு தடவை தட்டிவிட்டுத் தொடர்ந்தார். நான் முன்னால் நடந்தேன். அவ்வளவு பெரிய இடத்தில் அந்த எண்ணிக்கையும் சாவிச் சத்தமும் மட்டும் கேட்டன.

பதினேழாவது கதவடியில் அவரால் முடியவில்லை. அந்தப் பக்கம் விளக்கு இல்லை. சொட்டு மருந்து விட்ட கண்ணுக்கு இருட்டு இன்னும் இருட்டு. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், தலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு “சிவா, அங்கை எத்தினை நிக்குது?” என்றார். நான் இதையெல்லாம் நம்புகிறவன் அல்ல. நாளொன்றுக்கு ஐம்பது தடவை எண்ணுகிறவன். ஆனாலும் அந்தக் கடைசி வரிசையை எண்ணி முடிக்கப்போகிறவன் நான் என்று பட்டது. பத்மாவின் முகம் வந்தது. சும்மா ஒரு தொகையைச் சொல்லிவிடலாம், அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒன்று, இரண்டு என்று தமிழில் எண்ணினேன். ஏழு. சொன்னேன். அவர் அதைக் கூட்டி முடித்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். காவலர் கதவைச் சாத்தினார். பஸ்ஸுக்குப் போகும் வழியில், மொத்தம் எத்தனை என்று கேட்டேன்.

“உங்களுக்குப் பெண்சாதி இருக்கு, வேலை இருக்கு. கேக்காதேங்கோ.”

கார்பன் பிரதி

திரும்பி வந்து நாலு மாதம் கழித்து டோரிஸ் எங்கள் படியேறி வந்தார். கையில் அந்தப் படிவத்தின் கார்பன் பிரதி. தாயின் அலுமாரிக்குள் கண்டெடுத்தது. பதினான்காவது கேள்வியில் விரலை வைத்து, இது யாருடைய எழுத்து என்று கேட்டார். அலெக்சாந்திரியாவில் பிறந்த கிரேக்கரான எங்கள் முதலாளி உள்ளறையிலிருந்து எழுந்து வந்து நின்றார். என்னுடையது என்றேன்.

“அம்மாவுக்குப் போன மாசத்தோடை கண் முழுக்கப் போயிட்டுது. அப்பவே உங்களுக்குத் தெரியுமோ?”

“ஓம்.”

“படியிலை விழுந்திருந்தா?”

“முன்னாலை நான் நிண்டனான்” என்றேன். அது பதில் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது. டோரிஸ் கதிரையில் உட்கார்ந்தார். கேட்டிருந்தால் தான் மறித்திருப்பேன் என்றும், அது தாய்க்குத் தெரியும் என்றும், அதனால்தான் என்னிடம் வந்திருக்கிறா என்றும், படிவத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதைக் கிழிக்கவில்லை, நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அம்மா கீழே காரில் இருக்கிறா, உங்களைக் கூப்பிடுகிறா என்றார். நான் எழுந்தபோது முதலாளி என் மேசையில் சாய்ந்திருந்த சிவப்புக் குடையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

“நீ செய்தது சரியோ பிழையோ எனக்குத் தெரியாது சிவா. ஆனா இனி நீ மேசையிலை இருந்து டிக்கெட் எழுது.”

கீழே

கார்மென் முன் ஆசனத்தில், கண்ணாடியை இறக்கிவிட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் கதவுப் பக்கம் போனேன். பிறகு சுற்றிக்கொண்டு போய்க் காருக்கு நேர் முன்னால் நின்று அவர் பெயரைச் சொன்னேன். சத்தம் வந்த திசையை வைத்துப் புரிந்துகொண்டு சிரித்தார். “இஞ்சாலை வாங்கோ. இனி எங்கை நிண்டாலும் ஒண்டுதான்” என்றார். நான் கிட்டப் போய்க் கதவில் கையை வைத்தேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“பாத்ததெல்லாம் ஒழுங்கா இருக்கு சிவா. கதவு கதவா.”

டோரிஸ் வந்து காரை எடுத்தார். பதினொரு பயணத்தில் ஒரு தலையையும் தொலைக்காத எனக்கு, ஏழே ஏழு தூண்களைச் சரியாக எண்ணியதோடு எண்ணுகிற வேலை போயிற்று. வீதியின் கோடியில் ட்ராம் ஒன்று திரும்பி வந்துகொண்டிருந்தது. இடக்கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு அதன் இலக்கத்தைப் படித்தேன். பிறகு வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு இன்னொரு முறை படித்தேன்.